ஒரு வில்லையும் இரண்டரைப் பாகை வானமும்

தொலைநோக்கி வாங்க எண்ணுவோர் குழாயின் நீளத்தை விசாரிக்கிறார்கள். கண்ணாடியின் அகலத்தை விசாரிக்கிறார்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் 'ஐந்நூறு மடங்கு பெருக்கும்' என்ற வாசகத்தில் மயங்கிப் பணத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஆனால், நாம் கண் வைத்துப் பார்ப்பது குழாயின் முனையில் செருகப்படும் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சிறு வில்லைத் தொகுதியில்தான். பள்ளிப் பாடநூல்கள் அதனைக் கண்ணருகு வில்லை என்று கூறும். கடைக்காரர்கள் ஐபீஸ் என்பார்கள். அந்தச் சிறு பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நான்கு மாதங்களைச் செலவிட்டவன் என்ற முறையில் சில செய்திகளை இப்பக்கங்களில் எழுத விரும்புகிறேன்.

மதரஸாவில் ஓதிக் கொடுப்பவருக்கும் ஒளியியலுக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். நான் கல்லூரியில் பயின்றதும் வரலாறுதான், இயற்பியல் அன்று. எனினும் இக்கேள்வியை நம் முன்னோர் கேட்டிருக்கமாட்டார்கள். அரபிக் கல்லூரிகளின் பழைய நிஜாமியாப் பாடத்திட்டத்தில் 'ஷரஹ் சக்மீனி' என்ற வானியல் நூலும் இடம் பெற்றிருந்தது. அதனை எழுதிய காஜீ ஜாதா ரூமீ, சமர்கந்தில் உலுக் பேக் நிறுவிய வான் ஆய்வகத்தில் பணிபுரிந்த பேரறிஞர். நம் உலமாப் பெருமக்கள் கிப்லாவின் திசையையும் தொழுகை நேரங்களையும் கணக்கிட்டறிந்த மரபு அது. இன்று நேர அட்டவணை அச்சடித்துச் சுவரில் தொங்குவதால், நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவை நமக்கு இல்லாமற் போயிற்று.

எங்கள் மதரஸாவில் ஓதிச் சென்று இப்போது வளைகுடாவில் பணிபுரியும் மாணவர் ஒருவர் ஊர் வந்தபோது ஒரு தொலைநோக்கியை அன்பளிப்பாகக் கொடுத்துச் சென்றார். கண்ணாடியின் விட்டம் 130 மில்லிமீட்டர். குவியத்தூரம் 650 மில்லிமீட்டர். நியூட்டன் வகுத்த முறையில் அமைந்த எதிரொளிப்புத் தொலைநோக்கி. உடன் இரண்டு வில்லைகள் வந்தன; ஒன்று 25 மில்லிமீட்டர், மற்றொன்று 10 மில்லிமீட்டர். இஷாவுக்குப் பிறகு மாடியில் வைத்துப் பார்த்தோம். சந்திரன் அழகாகத் தெரிந்தது. சனியைத் தேடினோம். 2025-ஆம் ஆண்டில் அதன் வளையம் விளிம்பை நமக்குக் காட்டி நின்றதால், படத்தில் கண்ட வளையத்தை எதிர்பார்த்திருந்த பிள்ளைகளுக்கு ஒரு மெல்லிய கோடுதான் கிட்டியது. அதையும் ஆவலோடுதான் பார்த்தார்கள்.

ஆனால், பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் சீக்கிரமே விலகிக்கொண்டார். தடித்த மூக்குக்கண்ணாடி அணிபவர். மூன்றாம் நாள் அவரைத் தனியே அழைத்துக் கேட்டேன். "ஹஜ்ரத், எல்லாரும் தெரியுது தெரியுதுன்னு சொல்றாங்க. எனக்குச் சாவி ஓட்டை வழியாப் பார்க்கிற மாதிரிதான் இருக்கு" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கச் சொன்னேன். விண்மீன்கள் கோடு கோடாக இழுபட்டுத் தெரிகின்றன என்றார்.

இது அவர் குறையா, வில்லையின் குறையா என்று அறிய வேண்டியிருந்தது. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் உடையவர்கள் தொலைநோக்கியில் பார்க்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடலாம். குவியத்தைத் திருகிச் சரிசெய்தால் போதும். ஆனால் கண்ணின் வளைவு ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் இருக்குமானால், எவ்வளவு திருகினாலும் அது சரியாகாது. கண்ணாடி அணிந்தேதான் பார்க்க வேண்டும். எவருக்கு எந்தக் குறை என்பதைக் கண் மருத்துவர் தந்த சீட்டைப் பார்த்தே அறியலாம். அதில் சி.ஒய்.எல். என்று எழுதியிருக்கும் கட்டத்தில் எண் இருந்தால் இந்த இரண்டாவது வகை. அம்மாணவருடைய சீட்டில் இரண்டரை என்று இருந்தது.

ஆக, கண்ணாடி அணிந்தவர் முழுமையாகப் பார்க்க வேண்டுமானால், வில்லையிலிருந்து குறைந்தது 15 முதல் 20 மில்லிமீட்டர் தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழு வட்டமும் தெரியுமாறு அந்த வில்லை அமைந்திருக்க வேண்டும். வில்லையை விற்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கேட்டால்தான் சொல்கிறார்கள்.

மற்றொரு தேவையும் இருந்தது. ரமலான் பிறை நெருங்கும்போதெல்லாம் பிள்ளைகள் மாடிக்கு ஓடுகிறார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேற்கு முழுவதையும் துழாவுகிறார்கள். (தொலைநோக்கியில் கண்ட பிறை ஏற்கப்படுமா என்பது வேறு வினா. அதற்கு விடை கூறப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் அதில் தலையிடவில்லை. கருவியில் இடத்தைக் கண்டுகொண்டு பிறகு வெறுங்கண்ணால் பார்ப்பதே எங்கள் வழக்கம்.) அந்திச் செம்மைக்குள் மறைந்திருக்கும் இழை போன்ற பிறையைக் கண்டுபிடிக்க வானத்தின் அகலமான பரப்பு ஒரே பார்வையில் தெரிய வேண்டும். எங்களிடமிருந்த 10 மில்லிமீட்டர் வில்லை 65 மடங்கு பெருக்கும். ஆனால் அதில் தெரியும் வானம் முக்கால் பாகைதான். முழுநிலவின் அகலமே அரைப் பாகை. அதைக் கொண்டு பிறையைத் தேடுவது ஊசித்துளை வழியாகப் பாலாற்றைப் பார்ப்பது போன்றது. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: சூரியன் முற்றிலும் மறையும் முன் தொலைநோக்கியை மேற்கே திருப்பவே கூடாது. ஒரு நொடி போதும், கண் போய்விடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் கருவியின் மூடியைப் பெரியவர்களே கழற்ற வேண்டும்.

என் கையில் இருந்தது நாலாயிரம் ரூபாய். ரமலானில் தராவீஹ் தொழவைத்ததற்காக ஜமாஅத்தார் அன்போடு தந்த தொகையில் ஒரு பகுதி அது. அதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்பதில்லை என்பது வீட்டில் செய்துகொண்ட உடன்படிக்கை. அதனை மீறும் துணிவு எனக்கு இல்லை. மூத்த மகளின் கல்லூரிக் கட்டணம் அடுத்த மாதம் காத்திருந்தது.

கணக்கு மிக எளியது. எண்ணும் எழுத்தும் அறிந்த எவரும் போடலாம். தொலைநோக்கியின் குவியத்தூரத்தை வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். ஒவ்வொரு வில்லைக்கும் அதனுள் கண் வைத்தால் தோன்றும் வட்டத்தின் அகலம் இத்தனை பாகை என்று ஓர் எண் உண்டு. அதனை உருப்பெருக்கத்தால் வகுத்தால், வானத்தில் உண்மையில் எத்தனை பாகை தெரியும் என்பது வந்துவிடும். 'அகன்ற புலம்' என்று விளம்பரம் செய்யப்படும் வில்லைகளில் தோன்றும் வட்டம் 60 பாகைக்கு மேல் இருக்கும். கருவியோடு இலவசமாக வருபவை பெரும்பாலும் 50 பாகை அளவே.

இந்த அகன்ற புலத்துக்கு ஒரு வரலாறு உண்டு; வரலாற்று மாணவனான எனக்கு அதைச் சொல்லாமல் நகர மனமில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஹைகன்ஸ் செய்த வில்லை இரண்டு கண்ணாடித் துண்டுகளால் ஆனது. மலிவான பொம்மைத் தொலைநோக்கிகளில் 'எச்' என்ற எழுத்துப் பொறித்து வருவது இன்றும் அதுதான். 1849-இல் ஜெர்மானியரான கெல்னர் அதனினும் தெளிவான ஒன்றைச் செய்தார். 1860-இல் வியன்னாவைச் சேர்ந்த கியோர்க் பிளோசல் நான்கு துண்டுகளை இரண்டு இணைகளாக ஒட்டி அமைத்தார். அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்தே வானியல் ஆர்வலர்களிடையே பெரிதும் பரவியது. முதல் உலகப் போர்க் காலத்தில் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த எர்ஃபிள் என்பவர் ஏறக்குறைய 60 பாகை காட்டும் வில்லையை உருவாக்கினார். போர்க்கருவிகளுக்கு அகன்ற பார்வை தேவைப்பட்டது. பின்னர் அமெரிக்காவில் ஆல் நாக்லர் என்பவர் 82 பாகை காட்டும் வில்லையை அமைத்தார். சந்திரனில் இறங்கப் பயிற்சி பெற்ற அப்போலோ வீரர்களுக்கான பயிற்சிக் கருவியின் ஒளியியலை வடிவமைத்தவர் அவர். விண்கலத்தின் சாளரத்தில் கண்ணை வைத்தது போன்ற தோற்றம் அதில் கிடைக்கும் என்கிறார்கள். அதன் விலையில் எங்கள் தொலைநோக்கியையே மறுபடியும் வாங்கிவிடலாம் என்பதால் அந்தப் பேச்சை அத்துடன் விட்டேன்.

என் தொகைக்குள் வந்தவை மூன்று. முதலாவது, 20 மில்லிமீட்டர், 66 பாகை அகன்ற புல வில்லை. இரண்டாவது, 32 மில்லிமீட்டர் பிளோசல். அதில் தோன்றும் வட்டம் 50 பாகையை ஒட்டியது. மூன்றாவது, 40 மில்லிமீட்டர் பிளோசல். 24 மில்லிமீட்டர், 68 பாகை என்ற ஒன்றும் இருந்தது. எல்லோரும் புகழ்வது அதைத்தான். பெயர் பெற்ற நிறுவனத்தாருடையது என் தொகையைப் போல் பல மடங்கு.

இங்கேதான் கணக்கு எனக்கு ஒரு வேடிக்கையைக் காட்டியது. விலையுயர்ந்த அந்த 24 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால் 27 மடங்கு. தெரியும் வானம் இரண்டரைப் பாகை. எளிய 32 மில்லிமீட்டர் பிளோசலைப் பொருத்தினால் 20 மடங்கு. தெரியும் வானம் அதே இரண்டரைப் பாகைதான்! காரணம், எங்கள் கருவியில் வில்லை செருகும் துளை ஒன்றேகால் அங்குலம். அந்தக் குழலுக்குள் அடங்கும் ஒளிவட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு; இரண்டு வில்லைகளும் அந்த எல்லையைத் தொட்டுவிட்டவை. 40 மில்லிமீட்டர் வாங்குவோர் இதை அறியாமல் வாங்குகிறார்கள். வானம் கூடுதலாகத் தெரியாது, வட்டம்தான் சுருங்கும். ஆகவே 40 கழிந்தது. குழல் இரண்டு அங்குலமாக உள்ள பெரிய கருவிகளுக்கு இந்த எல்லை இல்லை.

அப்படியானால் அதிக விலை எதற்காக? வானத்தின் பின்னணி இருளுக்காக. வில்லையின் குவியத்தூரம் கூடக்கூட அதிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் தடிமன் கூடும். எங்கள் கருவியில் வில்லையின் எண்ணை ஐந்தால் வகுத்தால் அந்தத் தடிமன் வரும். 32-க்கு 6.4 மில்லிமீட்டர், 24-க்கு 4.8, 20-க்கு 4. கற்றை தடித்தால் விண்மீன்களுக்கு இடையிலுள்ள வானமும் வெளுக்கும். ஆம்பூர் போன்ற ஊரில், தெருவிளக்கும் தொழிற்சாலை விளக்கும் கடைவீதி வெளிச்சமும் சேர்ந்து வானத்தை வெளுக்கச் செய்திருக்கும் நிலையில், 32 மில்லிமீட்டர் வில்லையில் வானம் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இருளில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விரியும். நாற்பதைத் தாண்டிய என் போன்றோருக்கு அது 6-ஐ எட்டுவதே அரிது. 6.4 மில்லிமீட்டர் கற்றையில் ஒரு பகுதி என் கண்ணுக்குள் நுழையாமல் வெளியே விழும். 130 மில்லிமீட்டர் கண்ணாடி எனக்கு அதனினும் சிறிய கண்ணாடியாகவே பயன்படும். பிள்ளைகளுக்கு அந்த இழப்பு இல்லை.

வாணியம்பாடியில் உள்ள நண்பர் ஒருவர், இயற்பியல் கற்பிப்பவர், 20 மில்லிமீட்டர் அகன்ற புல வில்லையையும் 32 மில்லிமீட்டர் பிளோசலையும் ஒரு வாரத்துக்கு இரவல் தந்தார். வாங்கும் முன் இரவல் கிடைக்குமானால் அதைப்போல் நன்மை வேறில்லை.

கார்த்திகை விண்மீன்கள் தலைக்கு மேல் வரும் மாதம் அது. அரபியில் துரையா என்று நாம் படிக்கும் அக்கூட்டம் ஏறக்குறைய இரண்டு பாகை அகலம் கொண்டது. முதலில் 20-ஐப் பொருத்தினோம். வானம் கறுத்து, விண்மீன்கள் நடுவில் கூர்மையாக நின்றன. வட்டம் பெரிதாகத் தோன்றியதால் பிள்ளைகள் வாய்விட்டுக் கூவினார்கள். ஆனால் கூட்டம் வட்டத்தை விளிம்புவரை அடைத்துவிட்டது. அந்த விளிம்பில் இருந்த மீன்களோ பறவை சிறகு விரித்தது போல் இழுபட்டிருந்தன. குவியத்தூரம் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கே உள்ள எங்களுடையது போன்ற குட்டைக் கருவிகளில் மலிவான அகன்ற புல வில்லைகள் இப்படித்தான் செய்யும். நீண்ட குழாய்க் கருவியில் இதே வில்லை நன்றாக நடந்துகொள்ளும்.

எங்கள் வட்டாரத்தாருக்கு இதை விளக்குவது எளிது. தோல் பதனிடும் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் மேசையில் என் உறவினர் ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகளாக நிற்கிறார். தோலை விரித்துப் போட்டதும் அவருடைய கை முதுகுப் பகுதிக்குப் போகாது. நேராக வயிற்று ஓரத்துக்கும் காலோரத்துக்கும்தான் போகும். முதுகு எந்தத் தோலிலும் இறுக்கமாகத்தான் இருக்கும். தளர்ச்சி ஓரத்தில்தான் தெரியும் என்பார். அவரையும் ஒருநாள் மாடிக்கு அழைத்து இரண்டு வில்லைகளையும் காட்டினேன். விண்மீனின் பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியாது. 20-இல் பார்த்துவிட்டு, "நடு ஏ ஒன். வயிறு சரியில்லை" என்றார். ஒரு வாரமாக நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்ததும் அதுதான்.

ஆயினும் 20-ஐ எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஊருக்குள் இருந்து பார்க்க அதுவே சிறந்தது என்பதில் ஐயமில்லை. பிள்ளைகளில் பெரும்பாலோர் அதையே விரும்பினர். பதினான்கு பேரில் பதின்மூவர் ஒரு பக்கம். மூக்குக்கண்ணாடி அணிந்த அந்த மாணவர் மட்டும் அதில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். அந்த வில்லையில் அவர் கண்ணாடியோடு பார்க்கும்போது வட்டத்தின் நடுப்பகுதி மட்டுமே தெரிந்தது. 32 மில்லிமீட்டர் பிளோசலில் கண்ணை 20 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கலாம். வில்லையின் ரப்பர் விளிம்பை மடக்கிவிட்டு அவரைப் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "எத்தனை தெரிகிறது?" என்று கேட்டேன். எண்ணத் தொடங்கினார், நாற்பதைத் தாண்டியும் நிறுத்தவில்லை.

முடிவு செய்யும் முன், ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குச் சென்றோம். நம் வட்டாரத்தார் பலர் அங்கு சென்றதில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. ஜவ்வாது மலைக்காட்டுக்குள், கடல் மட்டத்துக்கு மேல் 700 மீட்டரைத் தாண்டிய உயரத்தில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. 1972-இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள சைஸ் தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த நிகழ்வில் அந்தக் கருவிக்கும் பங்கு உண்டு. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்டு 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டது. ஆய்வகம் வேணு பாப்பு என்ற அறிஞரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய தந்தையார் ஐதராபாத் நிஜாமியா ஆய்வகத்தில் பணிபுரிந்தவர். அந்த நிஜாமியா ஆய்வகமோ, நவாப் ஜஃபர் ஜங் என்ற செல்வந்தர் 1901-இல் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய 15 அங்குலத் தொலைநோக்கியிலிருந்து தோன்றியது. செல்வந்தர்கள் வாங்கும் பொருள்களில் அப்படியும் ஒன்று இருந்திருக்கிறது!

பெரிய தொலைநோக்கியைச் சுற்றிப் பார்த்த பிள்ளைகள், "கண்ணை எங்கே வைப்பது?" என்று கேட்டார்கள். அதில் எவரும் கண் வைப்பதில்லை. ஒளி நேராகப் பதிவுக் கருவிகளுக்குச் செல்கிறது என்று அறிந்ததும் அவர்கள் முகம் சற்று வாடியது. எனக்கு அங்கு வேறொன்று மனத்தில் பட்டது. 1988-இல் ராஜமோகன் அவர்கள் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். கணிதமேதை இராமானுஜன் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அது அந்தப் பெரிய கண்ணாடியில் கிடைத்ததன்று. அரை மீட்டருக்கும் குறைந்த, ஆனால் அகன்ற வானத்தை ஒரே படத்தில் எடுக்கும் ஷ்மிட் வகைத் தொலைநோக்கியில் கிடைத்தது. தேடுகிறவனுக்கு வேண்டியது பெருக்கம் அன்று, பரப்பு.

திரும்பும் வழியில், ஆய்வகத்துக்கு இடையூறு இல்லாத தொலைவில், தெரிந்தவர் ஒருவரின் நிலத்தில் கருவியை நிறுத்தினோம். ஊரில் சாம்பலாகத் தெரிந்த 32 மில்லிமீட்டர் வானம் அங்கே கறுத்திருந்தது. ஆன்ட்ரோமிடா என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரு சிறு மேகம் இருப்பதாக அப்துர் ரஹ்மான் சூஃபீ 964-ஆம் ஆண்டளவில் தம் விண்மீன் நூலில் பதிவு செய்தார். தொலைநோக்கி தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன். அது மூன்று பாகை நீளம் கொண்டது என்பதால் எங்கள் வட்டத்துக்குள் முழுவதும் அடங்கவில்லை. நடுவில் வெண்மையும் இருபுறமும் கரைந்து செல்லும் மங்கலுமாகத் தெரிந்தது. ஆம்பூர் மாடியில் அதன் நடுப்புள்ளி மட்டுமே தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் 32 மில்லிமீட்டர் பிளோசலையே வாங்கினேன். தொகையில் மிச்சமும் இருந்தது. உடன்படிக்கைப்படி அது வீட்டில் ஒப்படைக்கப்பட்டது. நண்பரின் 20-ஐத் திருப்பிக் கொடுத்தபோது பிள்ளைகள் சிலருக்கு மனக்குறைதான். மூக்குக்கண்ணாடி அணியாதவராய், ஊருக்குள்ளிருந்தே பார்ப்பவராய் இருந்தால் நீங்கள் 20-ஐ வாங்குவதே சரி. என் முடிவை அப்படியே பின்பற்ற வேண்டாம். உங்கள் கருவியின் துளை ஒன்றேகால் அங்குலமா என்பதை மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள். பழைய ஜப்பானியக் கருவிகளில் அது ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவாக இருக்கும். புதிய வில்லை எதுவும் அதில் நுழையாது.

தரம் பிரிக்கும் என் உறவினர், கழிவுத் துண்டிலிருந்து ஒரு சிறு தோல் உறை தைத்துக் கொடுத்திருக்கிறார். உள்ளே மெல்லிய துணி வைத்துத் தைக்கச் சொன்னேன். தோலின் தூசி வில்லையில் படியக்கூடாது. சட்டை நுனியாலோ துண்டாலோ வில்லையைத் துடைப்பதை மதரஸாவில் தடை செய்திருக்கிறோம். உறையின் பொறுப்பு அந்த மாணவரிடம் இருக்கிறது. வில்லையைச் செருகும் முன் ரப்பர் விளிம்பை மடக்குவதும், மற்றவர்களுக்காக மறுபடி நிமிர்த்துவதும் அவர்தான்.